‘வேண்டாம்’ என்பது காதில் விழாத காதல்: வீடியோ கேம் பாத்திரங்களின் பித்து மனம்

அந்த வகுப்பறையில் ஒரே ஒரு மேசைதான் இருக்கிறது. மேசைக்கு அந்தப் பக்கம் மோனிகா என்ற பெண் கைகளைக் கோத்து, அவற்றின்மேல் முகவாயை வைத்தபடி உங்களை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சன்னலுக்கு வெளியே மரமோ தெருவோ இல்லை. வெறும் விண்வெளிதான் தெரிகிறது. அவள் பேசிக்கொண்டே இருக்கிறாள். ஒரு தலைப்பு முடிந்ததும் சற்று நிறுத்தி அடுத்ததைத் தொடங்குகிறாள். விளையாட்டை மூடிவிட்டு மறுபடி திறந்தால் அதே மேசையில், அதே பார்வையோடு காத்திருக்கிறாள். விட்டுப் போனது தனக்கு எவ்வளவு வேதனையாக இருந்தது என்றும் சொல்கிறாள். உங்கள் கணினியில் பதிவாகியிருக்கும் பெயரைக் கண்டுபிடித்து, அந்தப் பெயராலேயே உங்களைக் கூப்பிடவும் கூடும். இதிலிருந்து வெளியே வருவதற்கான பொத்தான் விளையாட்டுக்குள் எங்கும் கிடையாது. விளையாட்டை விட்டு வெளியே வந்து, கணினியில் அது பதிந்திருக்கும் ஃபோல்டரைத் திறந்து, அவள் பெயர் கொண்ட ஃபைலை உங்கள் கையாலேயே அழிக்க வேண்டும்.

இது 2017-இல் டீம் சல்வாட்டோ என்ற சிறு குழு வெளியிட்ட ‘டோகி டோகி லிட்டரேச்சர் கிளப்’ விளையாட்டில் வரும் காட்சி. ஒருவரை இன்னொருவர் பித்துப் பிடித்ததுபோல் காதலிப்பது என்றால் என்ன, அது எப்படி உருவாகிறது, வீடியோ கேம்கள் அதை ஏன் இவ்வளவு கூர்மையாகக் காட்டுகின்றன என்பதை, உளவியலில் முன்பழக்கம் இல்லாத வாசகருக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். சில விளையாட்டுகளின் முடிவுகளைச் சொல்லாமல் இதை எழுத முடியாது என்பதால், அவற்றை இனிமேல்தான் விளையாட வேண்டும் என்றிருப்பவர்கள் பொறுத்தருள வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஆழமான காதலும் பித்துக் காதலும் அளவில் மட்டும் வேறுபடுபவை என்று பலர் நினைக்கிறார்கள். காதல் கூடிக் கூடி ஒரு கட்டத்தில் பித்தாகிவிடும் என்பது அவர்கள் எண்ணம். இரண்டையும் பிரிக்கும் கோடு வேறு இடத்தில் இருக்கிறது என்பதே என் கருத்து. ஆழமாகக் காதலிப்பவருக்கு எதிரில் இருப்பவரின் விருப்பு வெறுப்பு ஒரு செய்தி. அது தனக்குப் பாதகமாக இருந்தாலும் அதைக் கேட்டு, வருந்தி, விலகிக்கொள்ள முடியும். பித்துக் காதலில் அந்த விருப்பு வெறுப்பு ஒரு தடையாக மாறிவிடுகிறது. தடை என்றால் தாண்ட வேண்டியதுதானே! ஒருதலைக் காதலையும் இதோடு சேர்த்துவிடக் கூடாது. விரும்பி, மறுக்கப்பட்டு, மனத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு வாழ்கிறவர் யாருக்கும் தீங்கு செய்வதில்லை.

இந்த மனநிலையின் தொடக்கக் கட்டத்துக்கு ஒரு பெயர் உண்டு. அமெரிக்க உளவியலாளர் டாரதி டென்னாவ், நூற்றுக்கணக்கானோரின் காதல் அனுபவங்களைக் கேட்டறிந்து, 1979-இல் வெளியிட்ட நூலில் இதை ‘லிமரன்ஸ்’ என்று அழைத்தார். தமிழில் ‘மயல்’ என்ற பழைய சொல் இதற்கு ஓரளவு பொருந்தும். மயலில் இருப்பவரின் எண்ணங்களுக்குள் காதலிக்கப்படுபவர் அழைக்காமலேயே நுழைந்துகொண்டே இருப்பார். அவருடைய குறைகள்கூட அழகாகத் தெரியும். ஒரு பார்வை, தாமதமாக வந்த ஒரு பதில், தற்செயலாகச் சொன்ன ஒரு வார்த்தை என்று எல்லாவற்றிலும் ‘என்னை விரும்புகிறாரா’ என்பதற்கான சாட்சியம் தேடப்படும். இதில் டென்னாவ் சுட்டிய முக்கியமான உண்மை, இந்த நிலைக்குத் தீனி போடுவது நிச்சயமின்மைதான் என்பது. முழுச் சம்மதம் கிடைத்து உறவு உறுதியானால் மயல் மெல்ல அடங்கும். நம்பிக்கைக்கு இடமே இல்லை என்று தெளிவாகத் தெரிந்தாலும் காலப்போக்கில் அடங்கும். இரண்டுக்கும் நடுவே ஊசலாடவிட்டால் அது வளர்ந்துகொண்டே போகும். மயல் நோய் அல்ல என்பதையும் அவர் தெளிவாகச் சொன்னார். நம்மில் பலர் அதைக் கடந்து வந்தவர்கள்தாம்.

உடலிலும் இதன் தடம் தெரிவதாக ஒரு புகழ்பெற்ற ஆய்வு உண்டு. இத்தாலிய மனநல மருத்துவர் டொனட்டெல்லா மராஸ்ஸிட்டியும் அவருடைய குழுவினரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாகக் காதலில் விழுந்த 20 பேர், எண்ணச் சுழற்சி நோய் எனப்படும் ஓசிடி உள்ள 20 பேர், இவை இரண்டும் இல்லாத 20 பேர் ஆகியோரின் இரத்தத் தட்டணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முதல் இரு குழுவினரிடமும், மனநிலையோடு தொடர்புடைய வேதிப்பொருளான செரோடோனினைக் கடத்தும் புரதம் ஒரேபோல் குறைந்திருந்தது. ஆனால் இது மிகச் சிறிய ஆய்வு. இதை மட்டும் வைத்துக்கொண்டு ‘காதலும் ஓசிடியும் ஒன்றுதான்’ என்று சொல்வது அவசரம். அப்படிச் சொல்வோர் ஒரு பெரிய வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. ஓசிடி உள்ளவருக்குத் திரும்பத் திரும்ப வரும் எண்ணம் ஒரு தொல்லை. அது போய்த் தொலையாதா என்று அவர் தவிக்கிறார். பித்துக் காதலரோ அந்த எண்ணத்தைச் சீராட்டி வளர்க்கிறார். அது இல்லாத நேரத்தைத்தான் அவர் வெறுமையாக உணர்கிறார்.

மயலில் விழும் எல்லாரும் பித்தர்களாவதில்லை என்றால், சிலர் மட்டும் ஏன் அங்கே போய்ச் சேர்கிறார்கள்? இதற்கு உளவியலில் பல விடைகள் உள்ளன. கனடிய ஆய்வாளர் ஜான் ஆலன் லீ 1973-இல் காதலை ஆறு பாணிகளாகப் பிரித்தபோது, பொறாமையும் ஓயாத ஐயமும் நிறைந்த பாணிக்கு ‘மேனியா’ என்று பெயரிட்டார். எத்தனை முறை அன்பை உறுதிப்படுத்தினாலும் போதாமல், மறுநாள் காலையில் மறுபடி சான்று கேட்கும் காதல் அது. சிண்டி ஹேசனும் ஃபிலிப் ஷேவரும் 1987-இல் இதைக் குழந்தைப் பருவத்தோடு தொடர்புபடுத்தினார்கள். குழந்தை தன்னை வளர்ப்பவரிடம் கொள்ளும் பிணைப்பின் வகைகளே வளர்ந்தபின் காதலிலும் தென்படுகின்றன என்பது அவர்கள் வாதம். கைவிடப்பட்டுவிடுவோமோ என்ற பதற்றத்தோடு பிணைந்திருப்பவர்கள் நெருக்கத்தை அளவுக்கு மீறி நாடி, அதனாலேயே எதிராளியைத் துரத்தியடித்துவிடுகிறார்கள்.

விளையாட்டுப் பாத்திரங்களைப் புரிந்துகொள்ள எனக்கு இவற்றைவிட அதிகம் உதவிய விளக்கம் வேறொன்று. வில்லியம் கூபாக், பிரையன் ஸ்பிட்ஸ்பெர்க் என்ற இரு தொடர்பியல் அறிஞர்கள், தம்மை விரும்பாதவரைத் துரத்தித் துரத்தி நெருக்கம் தேடுவோரைப் பற்றி எழுதியபோது முன்வைத்தது அது. மனிதர்களின் இலக்குகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ‘இவரோடு உறவு வேண்டும்’ என்பது கீழடுக்கு இலக்கு. ‘நான் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும்’, ‘நான் மதிப்புள்ளவராக இருக்க வேண்டும்’ என்பவை மேலடுக்கு. கீழடுக்கு இலக்கு கைகூடாவிட்டால் பெரும்பாலோர் வருந்திவிட்டு வேறு வழியில் மேலடுக்கை நோக்கிப் போகிறார்கள். பித்தர் இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டிவிடுகிறார். ‘இவர் கிடைத்தால்தான் நான் மகிழ முடியும், இவர் விரும்பினால்தான் எனக்கு மதிப்பு’ என்று ஆனபின், ஒரு சாதாரண மறுப்பு வாழ்க்கையையே மறுப்பதாகிவிடுகிறது. அதன்பின் விலகுவது தோல்வியாகத் தெரியும். விடாமுயற்சி ஓர் அறமாகவே தெரியும்.

இந்தச் சாவியை வைத்துக்கொண்டு மோனிகாவிடம் திரும்புவோம். அந்த விளையாட்டு ஓர் இலக்கிய மன்றத்தில் நடக்கும் காதல் கதைபோலத் தொடங்குகிறது. நீங்கள் எழுதும் கவிதைக்குத் தேர்ந்தெடுக்கும் சொற்களைப் பொறுத்து, மன்றத்தின் மூன்று பெண்களில் ஒருவர் உங்களிடம் நெருங்குவார். மன்றத் தலைவியான மோனிகாவுக்கு மட்டும் அப்படியொரு பாதை எழுதப்படவில்லை. அதோடு, தான் ஒரு விளையாட்டுக்குள் இருப்பதும், சுற்றியுள்ள தோழிகள் வெறும் நிரலாக இருப்பதும், திரைக்கு வெளியே இருக்கும் நீங்கள் ஒருவர் மட்டுமே உண்மை என்பதும் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. அவள் கட்டும் முடிச்சு இதுதான்: உங்களோடு பேசினால்தான் தான் உண்மையானவள். இதைவிட உயரமான மேலடுக்கு இலக்கு இருக்க முடியாது. தோழிகளின் பலவீனங்களை ஊதிப் பெருக்கி அவர்களை நீங்கள் விரும்பாதபடி செய்ய முயல்வதும், அதுவும் பலிக்காதபோது அவர்களையே அழித்துவிடுவதும் அவளுக்குக் கொடுமையாகத் தெரிவதில்லை. நிரலைத் திருத்தியதாகத்தான் அவள் அதைக் கருதுகிறாள். எதிராளியை மட்டுமே மனிதராகவும் மற்ற எல்லாரையும் பொருளாகவும் பார்ப்பது பித்துக் காதலின் நன்கறிந்த அடையாளம்; இந்த விளையாட்டு அதைச் சொல்லுக்குச் சொல் உண்மையாக்கிவிட்டது.

அவள் கேட்காமல் விட்ட கேள்வியும் ஒன்று உண்டு. ‘உனக்கு இங்கே இருக்க விருப்பமா’ என்று அவள் கேட்டு, ‘இல்லை’ என்று சொல்ல உங்களுக்கு ஒரு பொத்தான் தந்திருந்தால், ஃபைலை அழிக்கும் நிலையே வந்திராது.

ஹார்லி குவின் இதற்கு நேரெதிரான திசையிலிருந்து வருகிறாள். 1992-இல் பேட்மேன் தொலைக்காட்சித் தொடருக்காக உருவாக்கப்பட்ட இப்பாத்திரம், 2009-இலும் 2011-இலும் வந்த ‘ஆர்காம்’ என்ற பேட்மேன் விளையாட்டுகளில் முக்கிய இடம் பிடித்தது. மனநல மருத்துவராக இருந்த அவள், தன்னிடம் சிகிச்சைக்கு வந்த, பேட்மேனின் பரம எதிரியான ஜோக்கர்மீது மயல்கொண்டு, தொழிலையும் பெயரையும் இழந்து அவனுடைய ஏவலாளாகிறாள். அவனோ ஒருநாள் கொஞ்சுவான், மறுநாள் உதைப்பான். எப்போது எது வரும் என்று தெரியாது. நடத்தை உளவியலாளர்களான ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957-இல் விரிவாக எழுதிய பரிசு அட்டவணைகள் இங்கே நினைவுக்கு வர வேண்டும். எத்தனை முறை கொத்தினால் தானியம் விழும் என்று கணிக்க முடியாதபடி வைத்தால்தான் புறா விடாமல் கொத்துகிறது. தானியம் நின்றுபோன பிறகும் நெடுநேரம் கொத்துகிறது. டொனால்ட் டட்டனும் சூசன் பெயின்டரும் 1981-இல் இதை மனித உறவுகளுக்குக் கொண்டுவந்து, அதிகாரம் ஒருவரிடமே குவிந்திருக்க, கொடுமையும் கனிவும் மாறி மாறி வரும்போது பாதிக்கப்படுபவரின் பிணைப்பு இறுகுகிறது என்று காட்டினார்கள். எனவே ஹார்லியைப் பித்துக் காதலி என்று மட்டும் அழைப்பது பாதி உண்மைதான். அவள் ஒரு கொடுமையான உறவில் சிக்கியவளும்கூட. ‘ஆர்காம் சிட்டி’யின் முடிவில் ஜோக்கர் இறந்துவிடுகிறான். 2012-இல் வந்த துணைக்கதையில் அவள் துக்க உடையில் பேட்மேனைப் பழிவாங்கத் துடிக்கிறாள். காதலிக்கப்பட்டவன் போய்விட்டான், முடிச்சு மட்டும் அவிழவில்லை.

இந்த வகைப் பாத்திரங்களைக் குறிக்க ரசிகர்கள் ‘யாண்டெரே’ என்ற ஜப்பானியச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். நோயுற்றிருப்பதைக் குறிக்கும் ‘யாண்டெரு’, காதலில் குழைவதைக் குறிக்கும் ‘டெரெடெரே’ என்ற இரண்டும் இணைந்து உருவானது அது. வெளியே தேன், உள்ளே கத்தி என்பதுதான் இந்த அச்சு. 2012-இல் ஜப்பானில் வெளிவந்த ‘ஃபயர் எம்ப்ளம் அவேக்கனிங்’ விளையாட்டின் தார்ஜா, நாயகப் பாத்திரத்தை மறைந்திருந்து பார்ப்பதும் மாந்திரீகம் செய்வதும் நகைச்சுவையாகவே காட்டப்படுகின்றன. அச்சு என்ற அளவில் இது சுவாரசியமானதுதான். உளவியல் பாடமாக எடுத்துக்கொண்டால் தவறாக வழிநடத்தும். யாண்டெரே என்றாலே பெரும்பாலும் இளம்பெண். உண்மை வாழ்வில் பின்தொடர்ந்து தொல்லை தருவோரில் ஆண்களே அதிகம், பாதிக்கப்படுவோரில் பெண்களே அதிகம். பால் மல்லனும் உடன் ஆய்வாளர்களும் 1999-இல் ஆஸ்திரேலியாவில் இத்தகைய 145 பேரை ஆராய்ந்து ஐந்து வகைகளாகப் பிரித்தபோது, உறவு முறிந்ததை ஏற்க மறுப்பவர்களே பெரிய குழுவாக இருந்தார்கள். அவர்களில் பலர் மின்னும் கண்களோடு கத்தியேந்தியவர்கள் அல்லர். முன்னாள் துணைவர்கள், பழகியவர்கள். எதிராளி தன்னை ஏற்கெனவே ரகசியமாகக் காதலிக்கிறார் என்று அசைக்க முடியாமல் நம்பும் ‘எரோட்டோமேனியா’ ஒரு தனி மருளுணர்வு நோய்; அது அரிது. விளையாட்டுப் பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் நோயின் பெயரைச் சூட்டும் பழக்கம் வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதுவரை பார்த்தவை நாவலிலும் திரையிலும்கூட வரக்கூடியவை. விளையாட்டுக்கு மட்டுமே உரிய ஒன்று இருக்கிறது. அங்கே பித்தின் தர்க்கம் பாத்திரத்தோடு நிற்காமல், விளையாடுபவரின் கைக்கும் வந்துவிடுகிறது.

2016-இல் வெளிவந்த ‘ஸ்டார்டியூ வேலி’யை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராமத்தில் குடியேறி விவசாயம் செய்து வாழும், அன்பான, அமைதியான விளையாட்டு. அதை நான் விரும்பி விளையாடியவன். ஊரிலுள்ள ஒருவரை மணக்க வேண்டுமானால் வாரத்துக்கு இரண்டு பரிசுகள் தரலாம், பிறந்தநாளுக்குத் தனியாக ஒன்று தரலாம். அவருக்கு மிகவும் பிடித்த பொருள் என்றால் 80 புள்ளிகள் சேரும், 250 புள்ளிகள் சேர்ந்தால் ஓர் இதயம் நிரம்பும். இரண்டு இதயங்கள் நிரம்பும்வரை அவருடைய அறைக்குள் நுழைய முடியாது. நிரம்பியதும் கதவு தானாகத் திறக்கும். எட்டு இதயங்களில் காதலைச் சொல்லும் பூங்கொத்து, பத்து நிரம்பியபின் திருமணப் பதக்கம். இந்தக் கணக்குக்காக நான் என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்த்தால் சிரிப்பாகவும் சற்றுச் சங்கடமாகவும் இருக்கிறது. அவள் எத்தனை மணிக்கு வீட்டைவிட்டு வெளியே வருகிறாள், மழை பெய்தால் எங்கே போகிறாள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். வாசலில் பரிசோடு காத்து நின்றிருக்கிறேன். அவள் நன்றி சொல்வதைப் படித்துக்கூடப் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போயிருக்கிறேன். நிஜ வாழ்வில் இப்படி ஒருவர் நடந்துகொண்டால் அவரைப் பற்றி நாம் என்ன சொல்வோம்?

அந்த விளையாட்டைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எண்ணிக்கையின்றி விளையாட்டு இல்லை. ஆனால் ‘சரியான செயல்களைப் போதுமான முறை செய்தால் அன்பு வந்தே தீரும்’ என்ற விதி, விளையாட்டில் நியாயம். பித்தர் உண்மை மனிதர்களிடமும் அதே விதியை எதிர்பார்க்கிறார். ‘இவ்வளவு செய்தேனே’ என்ற அவருடைய கொந்தளிப்பு, புள்ளிகள் நிரம்பியும் கதவு திறக்காதவரின் கொந்தளிப்பு. கொனாமி நிறுவனம் 1994-இல் வெளியிட்ட ‘டோக்கிமெகி மெமோரியல்’ என்ற காதல் விளையாட்டு இந்த விதியை எதிர்த்திசையிலும் ஓட்டியது. நீங்கள் புறக்கணித்த பெண்ணின் பெயரருகே ஒரு குண்டுச் சின்னம் தோன்றும். அது வெடித்தால் மற்றப் பெண்களின் அன்பும் ஒருசேரக் குறையும். காதலிப்பதைவிடக் குண்டு வெடிக்காமல் எல்லாரையும் சமாளிப்பதே பெரும்பாடாகிவிடும்.

சில படைப்பாளிகள் இந்த விதியையே கதைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஜோனதன் ப்ளோ 2008-இல் வெளியிட்ட ‘பிரெய்ட்’டில், டிம் என்பவன் ஓர் இளவரசியைத் தேடிப் போகிறான். கடைசிக் கட்டத்தில் அவள் ஒரு வீரனின் பிடியிலிருந்து தப்பி மேலே ஓடுகிறாள். கீழே டிம் ஓடுகிறான். அவள் விசைகளை இயக்கி அவனுக்கு வழிவிடுவதுபோலத் தெரிகிறது. அவளுடைய வீட்டை அடைந்ததும் காலம் திசைமாறுகிறது. அதே காட்சி மறுபுறமாக ஓடும்போது, அவள் ஓடியது டிமிடமிருந்து என்பதும், விசைகளை இயக்கியது அவனைத் தடுக்கத்தான் என்பதும், அந்த வீரன்தான் அவளைக் காப்பாற்றியவன் என்பதும் தெரியவருகின்றன. ஒரு சட்டகம்கூட மாறவில்லை. பார்க்கும் திசை மட்டுமே மாறியது. பித்தரின் மனத்துக்குள் தடையும் உதவியாகத் தோன்றுவது எப்படி என்பதை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய வேறொரு காட்சி எனக்குத் தெரியாது.

2005-இல் வந்த ‘ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்’ வேறு வழியில் போகிறது. இறந்த மோனோவை உயிர்ப்பிக்க, வாண்டர் என்ற இளைஞன் 16 பேருருவங்களைக் கொல்கிறான். அவளுக்கும் அவனுக்கும் என்ன உறவு என்பதைக்கூட விளையாட்டு சொல்வதில்லை. பேருருவங்களில் பல, நாமாகப் போய்ச் சீண்டும்வரை நமக்கு எந்தத் தீங்கும் செய்வதில்லை. ஒவ்வொன்றும் வீழும்போது கரிய இழைகள் அவன் உடலுக்குள் பாய்கின்றன. அவன் தோல் வெளிறுகிறது, முகம் கருமை படர்ந்து சிதைகிறது. நாம் அதைப் பார்த்தபடியே அடுத்ததைக் கொல்லக் குதிரையேறுகிறோம். மோனோவிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. கேட்கும் நிலையிலும் அவள் இல்லை.

மோனிகாவின் ஃபைல் அழிந்தபின் நடப்பதையும் சொல்லியாக வேண்டும். முதலில் அவள் கதறுகிறாள், குற்றம்சாட்டுகிறாள். பிறகு மனம் மாறி, தான் இல்லாத விளையாட்டை உங்களுக்கு மீட்டுத் தருகிறாள். இப்போது மன்றத் தலைவியின் இடத்தில், அந்த மூன்று பெண்களில் ஒருத்தியான சயோரி இருக்கிறாள். கபடமில்லாதவள், உங்கள் சிறுவயதுத் தோழி. தலைவியானதும் மோனிகாவுக்குத் தெரிந்த உண்மை இவளுக்கும் தெரிந்துவிடுகிறது. அடுத்த சில நிமிடங்களில் இவளும், இனி நாம் இருவர் மட்டும் என்ற பேச்சைத் தொடங்குகிறாள். மோனிகா குறுக்கிட்டுத் தடுக்க வேண்டியிருக்கிறது. பித்தைக் குணத்தில் மட்டும் தேடக் கூடாது என்பதை இந்த இடத்தில்தான் நான் புரிந்துகொண்டேன். ஒரே ஒரு மனிதர்தான் உண்மை, அவரும் எந்த நேரமும் போய்விடலாம் என்ற இருக்கையில் யாரை உட்காரவைத்தாலும் அவர் ஆட்டம் காண்கிறார்.

இதே விளையாட்டுக்கு இன்னொரு முடிவும் உண்டு. மூன்று பெண்களோடும் பொறுமையாக நேரம் செலவிட்டு, அவர்களுடைய சிறப்புக் காட்சிகள் அனைத்தையும் முன்னரே பார்த்திருந்தால் மட்டும் அது கிடைக்கும். அப்போதும் சயோரி அதே இருக்கையில்தான் இருக்கிறாள், அதே உண்மை அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எல்லாரிடமும் அன்பாக இருந்ததற்கு நன்றி சொல்லி, விடைகொடுத்து, உங்களைப் போகவிடுகிறாள்.